தொப்பிக்குள் ஒரு ஓடு

கார்த்தி: சனிக்கிழமை இங்கே ஸ்டுட்கார்ட்டில் வாடகை உயர்வை எதிர்த்து ஊர்வலம், நானும் போகிறேன். படத்தில் இருக்கும் தொப்பி எப்படி? பார்த்தால் சாதாரண கிரிக்கெட் தொப்பி, உள்ளே பிளாஸ்டிக் ஓடு. யாருக்கும் தெரியாது

அம்மா: அடி விழும் என்று தெரிந்தே போகிறாயா?

கார்த்தி: இல்லம்மா, குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வீட்டு ஓனர்தான் பயமுறுத்திவிட்டார். 2010இல் இதே ஊரில் ரயில் நிலையத் திட்டத்துக்காகப் பூங்காவில் மரம் வெட்டக் கூடாது என்று நின்றவர்கள் மேல் போலீஸ் தண்ணீர் பீரங்கி அடித்ததில் ஒரு பெரியவருக்குப் பார்வை கிட்டத்தட்ட முழுவதுமே போய்விட்டது. அது சட்டவிரோதம் என்று கோர்ட் சொன்னது 2015இல்

பெரியப்பா: கண் போனதற்குத் தொப்பி என்னடா செய்யும்

பெரியப்பா: இது பம்ப் கேப் (bump cap), முட்டினால் தாங்குகிற தொப்பி. ஓசூரில் 22 வருஷம் இதைப் போட்டுக்கொண்டுதான் கன்வேயருக்கு அடியில் குனிந்து நிமிர்ந்தேன். நாமாகப் போய் எதிலாவது முட்டிக்கொண்டால் காப்பாற்றும், மேலே வந்து விழுவதற்கு இது இல்லை. சோதனையே அப்படித்தான். ஐரோப்பியத் தரத்தில் 5 கிலோ எடையைத் தொழிற்சாலை ஹெல்மெட் மேல் 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள், இதன் மேல் கால் மீட்டரிலிருந்து. உள்ளே இ.என். 812 என்று இருக்கும் பார். 397 என்று இருந்தால்தான் ஹெல்மெட்

கார்த்தி: 812

சித்தி: அப்போ நல்ல ஹெல்மெட்டே போட்டுக்கொண்டு போ. 2019இல் ஹாங்காங் பிள்ளைகள் எல்லாம் கட்டட வேலைக்காரர்கள் போடுகிற மஞ்சள் ஹெல்மெட்டோடுதானே நின்றார்கள், டிவியில் பார்த்தோமே

ரேவதி அக்கா: ஜெர்மனியில் அது வம்பு சித்தி. கூட்டங்களுக்கான சட்டத்தில் 1985இல் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். போலீஸ் நடவடிக்கையைத் தடுப்பதற்கென்று கவசம் எடுத்துப்போனால், ஊர்வலத்துக்குப் போகிற வழியிலேயே பிடிபட்டால்கூட, அபராதம் அல்லது ஒரு வருஷம் வரை ஜெயில். அதை அவர்கள் "காப்பு ஆயுதம்" என்றே எழுதி வைத்திருக்கிறார்கள், தலையில் மாட்டுவது ஆயுதமாம்! சில மாநிலங்கள் தனிச்சட்டம் போட்டிருக்கின்றன, ஆனால் இந்தத் தடை எங்கேயும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும்

கார்த்தி: அதனால்தான் அக்கா வெளியே தெரியாத மாதிரி வாங்கினேன்

ரேவதி அக்கா: அங்கேதான் மாட்டுவாய். பையைச் சோதிக்கும்போது தொப்பிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஓடு கிடைத்தால் "எதற்கு ஒளித்தாய்" என்று கேட்பார்கள். என்ன சொல்வாய்?

சித்தப்பா: 2014 ஜனவரியில் உக்ரைனில் போராட்டத்துக்கு ஹெல்மெட் போட்டு வரக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கீவில் ஜனங்கள் தலையில் பாத்திரத்தையும் வடிகட்டியையும் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார்கள். பன்னிரண்டே நாளில் அந்தச் சட்டங்களில் பெரும்பாலானவற்றை ரத்து செய்ய வேண்டியதாயிற்று

சித்தி: பாட்டியிடம் படித்துக் காட்டினேன். இட்லிப் பானை மூடி கனமாக இருக்கும், அதைக் கொண்டுபோகச் சொல்லு என்கிறார்கள்

அம்மா: விளையாடாதீர்கள். கார்த்தி, சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போயேன்?

கார்த்தி: சைக்கிளில்தான் போகிறேன் அம்மா, ஹெல்மெட்டை அதோடு சேர்த்துப் பூட்டிவிட்டு வெறுந்தலையோடு நடக்கிறேன். தள்ளுமுள்ளு தெரிந்தால் ஓரமாக வந்துவிடுவேன்

பெரியப்பா: அந்தத் தொப்பியை என்ன செய்யப் போகிறாய்

கார்த்தி: கீழே நிலவறையில் சைக்கிள் எடுக்கும்போதெல்லாம் ஹீட்டர் குழாயில் இடித்துக்கொள்கிறேன் பெரியப்பா

பெரியப்பா: அதற்குத்தான் அது

அம்மா: சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவுடன் போன் பண்ணு. மெசேஜ் வேண்டாம், போன்