பலாலி – இரத்மலானை 8,900 ரூபாவாம்: முற்பணம் கட்டலாமோ?

கேட்டவர்: கோண்டாவில் குமரன்

முகநூலிலை ஒரு விளம்பரம் சுத்துது. யாழ்ப்பாணத்துப் பலாலியிலையிருந்து கொழும்புக்குக் கிட்ட உள்ள இரத்மலானைக்கு ஒருவழி 8,900 ரூபா, ஏடிஆர் 72 விமானம், நாளுக்கு ரெண்டு தரம் போய்வருமாம். முதல் ஆயிரம் பேருக்கு உறுப்பினர் அட்டை: இப்ப 25,000 கட்டினால் பிறகு மூண்டு தரம் பறக்கலாம். காசு வங்கிக் கணக்குக்குப் போடட்டாம். தொடங்கிற திகதிக்கு "விரைவில்" எண்டு மட்டும் கிடக்கு. கம்பனியின்ரை பெயரை நான் வேணுமெண்டே போடேல்லை, விளம்பரம் செய்து குடுக்கிற எண்ணம் இல்லை.

எனக்கு ரெண்டு கேள்வி. இந்த விலைக்கு உண்மையிலை ஓட்டேலுமோ? காசு கட்ட முதல் எதைப் பாக்க வேணும்?

வல்லைவெளிக் காத்து

முதல் கேள்விக்குக் கணக்காவே பாப்பம். கீழை உள்ள விலையெல்லாம் நான் வைச்சுப் பாக்கிற அளவுகள், ஆனால் சந்தையை விட்டுக் கனதூரம் போகாது. டொலர் 300 ரூபா எண்டு வையுங்கோ.

ஏடிஆர் 72இலை 70 சீற். வருசம் முழுக்க முக்கால்வாசி நிரம்பினால் 52 பேர். 52ஐ 8,900ஆலை பெருக்கினால் 4 இலட்சத்து 63 ஆயிரம், அதாவது ஒரு பறப்புக்கு 1,540 டொலர். வரியும் விமானநிலையக் கட்டணமும் இந்த விலைக்குள்ளை எண்டால் கையிலை மிஞ்சிறது இன்னும் குறைவு.

இனிச் செலவு. வான்வழியிலை 330 கிலோமீற்றர். தரையிலை உருளுற நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி பத்து நிமிசம். ஏடிஆர் மணிக்கு ஏறத்தாழ 650 கிலோ எரிபொருள் குடிக்கும். அப்ப ஒரு பறப்புக்கு 760 கிலோ, லீற்றரிலை 950. லீற்றர் 90 சதம் எண்டாலும் 855 டொலர். பாதிக்கு மேலை அதிலையே போட்டுது.

புது ஏடிஆர் 72-600க்கு மாத லீஸ் ஒன்றரை இலட்சம் டொலர் வைப்பம். நாளுக்கு ரெண்டு தரம் போய்வந்தால் நாலு பறப்பு, மாதம் 120. ஒரு பறப்பின்ரை தலையிலை 1,250 டொலர் விழும். எஞ்சின், புரொப்பெல்லர், லாண்டிங் கியர் திருத்தத்துக்கு எடுத்து வைக்கிற காசு 600. விமானி, பணிப்பெண், காப்புறுதி, தரைச்சேவை, அலுவலகம் எல்லாம் சேர்த்து 650. மொத்தம் 3,355 டொலர், பத்து இலட்சம் ரூபாவுக்கு மேலை. 52 பேருக்குப் பிரிச்சால் ஆளுக்கு 19,350 ரூபா. விளம்பரத்திலை 8,900!

அதே விமானம் நாளுக்கு எட்டுப் பறப்பு ஓடினால் லீஸ் 625ஆ இறங்கும், மற்றச் செலவும் கொஞ்சம் குறையும். அப்பவும் ஆளுக்கு 15,000க்கு கிட்ட. மலிவு விமானம் எண்டுறது ரிக்கற் விலையாலை வாறதில்லை. விமானம் நாளுக்கு எத்தினை மணித்தியாலம் ஆகாயத்திலை நிக்குது எண்டதாலைதான் வரும். நாலு பறப்பு ஓடிப்போட்டு மிச்ச நேரம் நிலத்திலை நிக்கிற விமானத்தாலை மலிவா விக்கேலாது.

ஊர்க்குருவி

எதைத் தொடங்கினாலும் இஞ்சை ஒரு கூட்டம் குறை சொல்லும். சென்னை – பலாலி ஓடுதுதானே? அதுவும் இதே ஏடிஆர்தானே?

வல்லைவெளிக் காத்து

ஓம், அதே ரகம்தான். ஆனால் அந்த விமானத்தின்ரை நாளைப் பாருங்கோ. 2024 செப்டெம்பர் 1இலையிருந்து சென்னைக்கு ஓட்டுற இன்டிகோவிட்டை ஏடிஆர் ஒரு படையே இருக்கு. பலாலிக்கு வந்து போற விமானம் மிச்ச நேரம் இந்தியாவுக்குள்ளை வேறை ஊர்களுக்கு உழைக்கும். எங்கடை ஓட்டம் அதுக்கு ஒரு துண்டு வேலை. ஒண்டு பழுதெண்டால் இன்னொண்டை அனுப்புவினம். ஒரே ஒரு விமானத்தோடை தொடங்கிறவைக்கு ரயர் ஒண்டு வெடிச்சாலே அண்டைக்கு நாலு பறப்பும் இல்லை; 200 பேருக்குக் காசு திருப்ப வேணும், இல்லாட்டி பஸ் பிடிச்சு அனுப்ப வேணும்.

வெளியிலை மலிவு விமானங்கள் ஓட்டுறது 180 சீற் எயார்பஸ் ஏ320. பலாலி ஓடுபாதைக்கு இப்ப வாறது ஏடிஆர் அளவுதான். ஆகச் செலவைப் பிரிக்கத் தலைகளும் குறைவு.

யாழ்தேவி இருக்கை 14

பறக்க ஆக்கள் இருக்கினமோ எண்டதையும் பாக்க வேணும். 2006 ஓகஸ்டிலை யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 றோட்டு மூடின பிறகு விமானமும் கப்பலும்தான் வழி, அதாலை என்ன விலை சொன்னாலும் சீற் நிரம்பினது. அந்த நிரம்பலைக் காட்டி இண்டைக்கு வியாபாரத் திட்டம் எழுதினால் பிழைச்சுப் போம். றோட்டு 2009இலை திறந்திட்டுது, ரெயின் 2014 ஒக்டோபரிலையிருந்து யாழ்ப்பாணம் வருது. இப்ப இரவுச் சொகுசு பஸ்ஸிலை ஏறிப் படுத்தால் விடிய வெள்ளவத்தை.

நேரத்தையும் வடிவா எண்ணுங்கோ. யாழ்ப்பாணம் பட்டினத்திலையிருந்து பலாலிக்கு 40 நிமிசம், ஒரு மணி முன்னுக்கு நிக்க வேணும், பறப்பு ஒரு மணி பத்து, இறங்கிப் பெட்டி எடுக்க இருபது நிமிசம், இரத்மலானையிலையிருந்து காலி வீதி நெரிசலிலை கோட்டைக்கு ஒரு மணி. நாலு மணித்தியாலத்துக்கு மேலை வந்திட்டுது. கடுகதி ரெயின் ஆறரை, ஏழு. மிச்சம் பிடிக்கிறது ரெண்டரை மணித்தியாலம். அதுக்கு 19,000 குடுக்கிறவை இருப்பினம்: வைத்தியர், சட்டத்தரணி, கொம்பனிக் காசிலை போறவை. நாளுக்கு 208 பேர் இருப்பினமோ எண்டதுதான் கேள்வி.

வெளிநாட்டுச் சனத்தை நம்பித்தான் எல்லாரும் தொடங்கினம். கனடாக் குடும்பம் இறங்கிறது கட்டுநாயக்காவிலை, ஆளுக்கு 23 கிலோப் பெட்டி ரெண்டு. அங்கையிருந்து இரத்மலானை கிட்டத்தட்ட 45 கிலோமீற்றர், அதுவும் கொழும்புக்குள்ளாலை. அந்த அலைச்சலுக்கு வான் பிடிச்சால் நேரை வீட்டு வாசலிலை இறக்கி விடுவான். கட்டுநாயக்காவிலையிருந்தே ஓடினால் கதை வேறை. விளம்பரத்திலை அது இல்லை.

கோண்டாவில் குமரன்

விளங்குது. சின்ன விமானம் எண்டால்? செஸ்னா கரவன் மாதிரி? லீஸும் குறைவுதானே.

இறக்கைக்காரன்

லீஸ் குறைவு, தொல்லை வேறை. கிரான்ட் கரவனிலை விமானியும் ஆக்களும் பெட்டியும் எண்ணெயும் எல்லாம் சேர்த்து ஏத்தக்கூடியது ஏறத்தாழ 1,500 கிலோ. ரெண்டு விமானிக்கு 170 கழியுங்கோ. இந்தத் தூரத்துக்கு ஒரு மணி இருபது நிமிசம் பறக்க 210 கிலோ எண்ணெய், அதோடை மாற்று விமானநிலையத்துக்கும் கையிருப்புக்கும் 150. மிச்சம் 970. ஆள் ஒண்டு பையோடை 85 கிலோ எண்டால் 11 பேர், 12ஆவது ஆளுக்கு இடம் காணாது. அதுதான் சின்ன விமானத்திலை ஆளையும் தராசிலை ஏத்திறது, அவமானப்படுத்திறதுக்கு இல்லை.

பெட்டி அளவைக் கட்டாயம் வாசியுங்கோ. மலிவு ரிக்கற்றிலை பெரும்பாலும் 7 கிலோ. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டியே 10 கிலோ வரும், ஒடியலும் மிளகாய்த்தூளும் பேந்து. மேலதிகக் கிலோவுக்கு என்ன விலை எண்டு பார்த்தால்தான் உண்மையான ரிக்கற் விலை தெரியும்.

இன்னொண்டு: கரவனுக்கு ஒற்றை எஞ்சின். ஒக்டோபரிலையிருந்து டிசம்பர் வரை வாடைக்காத்து மழையிலை இடிமுகிலைச் சுத்திப் போக வேணும் அல்லது பறப்பை நிப்பாட்ட வேணும். நிப்பாட்டிறதுதான் சரி. ஆனால் அண்டைக்கு உங்களுக்குக் கட்டுநாயக்காவிலை இரவு விமானம் எண்டால்? ரெண்டும் வேறை வேறை ரிக்கற், தவறினால் ஆரும் பொறுப்பில்லை. ஒரு நாள் முந்திப் போங்கோ.

சான்றிதழ் சண்முகம்

ரெண்டாவது கேள்விக்கு வாறன். சிவில் விமான சேவைகள் அதிகாரசபை குடுக்கிற விமான இயக்குநர் சான்றிதழ், ஏஓசி எண்டுறது, இருக்கோ எண்டு கேளுங்கோ. கம்பனிப் பதிவு இலக்கத்தைக் காட்டினால் ஏமாறாதேங்கோ; பலசரக்குக் கடைக்கும் அது இருக்கும். பிறகு விமானத்தின்ரை பதிவு இலக்கம். இஞ்சை பதிஞ்ச விமானத்துக்கு 4ஆர் எண்டு தொடங்கும். அந்த இலக்கம் சொல்லத் தெரியாட்டி விமானம் இன்னும் வரேல்லை எண்டுதான் அர்த்தம்.

வேறை ஏஓசிக்காரரின்ரை விமானத்தை விமானியோடை வாடகைக்கு எடுத்துத் தங்கடை பெயரிலை ரிக்கற் விக்கிறவையும் இருக்கினம். அது களவில்லை. ஆனால் ஓட்டுறது ஆர் எண்டு ரிக்கற்றிலை எழுதியிருக்க வேணும்.

காசைப் பற்றி: வங்கிக் கணக்குக்குப் போட்டால் திரும்பி வராது. கடனட்டையிலை கட்டினால், சேவை கிடைக்காட்டி உங்கடை வங்கியூடாக மறுத்துக் கேக்க வழி இருக்கு; அதுக்கும் காலக்கெடு இருக்கு, ஒரு வருசம் காத்திருந்து கேக்கேலாது. "விரைவில்" எண்ட திகதிக்குக் கடனட்டையாலையும் கட்டாதேங்கோ. இது ரிக்கற் இல்லை, நீங்கள் குடுக்கிற வட்டியில்லாக் கடன்.

ஊர்க்குருவி

இந்தியாவிலை 2003இலை எயார் டெக்கான் எண்ட மலிவு விமானக் கம்பனி தொடங்கேக்கையும் இப்பிடித்தான் சிரிச்சவை.

வல்லைவெளிக் காத்து

அவையும் ஏடிஆரோடைதான் தொடங்கினவை, ஒரு ரூபா ரிக்கற்றும் வித்தவை. சனத்தைப் பறக்கப் பழக்கினது உண்மை. நட்டமும் உண்மை, 2008இலை கிங்பிஷர் விமானக் கம்பனியோடை கரைஞ்சு போச்சு. இப்ப அங்கை சின்ன ஊர்களுக்கு உடான் திட்டத்திலை செலவுக்கும் வரவுக்கும் இடையிலை துண்டு விழுற காசை அரசாங்கம் குடுத்துத்தான் விலையைப் பிடிச்சு வைச்சிருக்கு. எங்கடை பக்கம் மிஹின் லங்கா 2007இலை மலிவு விமானமா வந்தது, அரசாங்கக் காசு பின்னாலை நிண்டும் 2016இலை மூடினவை.

கோண்டாவில் குமரன்

ஏஓசி இலக்கம் கேட்டு எழுதினன். "விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" எண்டு பதில் வந்திருக்கு.

சான்றிதழ் சண்முகம்

எந்தக் கட்டம் எண்டு கேளுங்கோ, அஞ்சு இருக்கு: முன்விண்ணப்பம், முறையான விண்ணப்பம், ஆவணப் பரிசீலனை, செயல்விளக்கமும் பரிசோதனையும், கடைசியாச் சான்றிதழ். கடிதம் ஒண்டு குடுத்தவுடனையும் "பரிசீலனை" எண்டு சொல்லலாம். நாலாவது கட்டத்திலைதான் விமானமும் விமானியும் கண்ணுக்கு முன்னாலை நிக்க வேணும், ஆக்கள் இல்லாமல் பறந்தும் காட்ட வேணும். நாலு எண்டு சொன்னால் 4ஆர் இலக்கத்தை அனுப்பச் சொல்லுங்கோ. அது வரும்வரை 25,000 உங்கடை கணக்கிலையே கிடக்கட்டும்.