முதல் ஒரு மணி நேரம்: சிங்கப்பூர் இரவு விடுதிகளில் இசைத்தட்டு சுழற்றிய அனுபவம்

இங்கே பலரும் தாங்கள் நேரில் கேட்ட டிஜேக்களைப் பற்றியும், ஆடிக் களித்த இரவுகளைப் பற்றியும் எழுதிவருவதை ஆர்வத்தோடு படிக்கிறேன். பெரும்பாலான பதிவுகள், நள்ளிரவுக்குப் பின் கூட்டம் உச்சத்தில் இருக்கும் வேளையையே பேசுகின்றன. எண்பதுகளின் இறுதியிலிருந்து நெடுங்காலம் சிங்கப்பூர் விடுதிகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில், விடுதி திறந்ததும் வரும், யாருடைய நினைவிலும் தங்காத முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஒரு டிஜே தேறியவரா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

எனக்கு இந்தத் தொழில் பிடிபட்டது விடுதியில் அல்ல. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நடந்த திருமண விருந்துகளில். எடுத்த எடுப்பிலேயே குத்துப்பாட்டைப் போட்டால் குழந்தைகள் மட்டும் ஓடி வந்து குதிப்பார்கள்; பெரியவர்கள் நாற்காலியை இன்னும் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். மாறாக, இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பாஸ் கிட்டார் தனித்து ஓடும் ஒன்றிரண்டை மிதமான ஒலியில் விட்டுவிட்டுக் காத்திருந்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சித்திமார்களின் தோள்கள் தாமாக அசையத் தொடங்கும். அவர்கள் எழுந்த பிறகு மாமாக்களை யாரும் அழைக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் முகம்மது சுல்தான் சாலையின் கடைவீடுகளில் இயங்கிய விடுதிகளில் ஹவுஸ் என்னும் சீரான தாளமுள்ள நடன இசையை வாசித்தபோதும் நான் கடைப்பிடித்தது இந்தப் பாடத்தைத்தான்.

கருவியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அப்போது எங்கள் எல்லோருக்கும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 தான். 1979-இல் வந்த அந்த டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவியில்), வேகத்தை எட்டு விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ வலப்பக்கம் ஒரு நழுவுகட்டை இருக்கும். நிமிடத்துக்கு 120 தாளம் கொண்ட பாடலை ஏறத்தாழ 130 வரை கொண்டுபோகலாம். ஆனால் வேகத்தோடு சுருதியும் ஏறும் என்பதால், பாடகியின் குரல் கீச்சிடத் தொடங்கும் இடத்தைக் காதே சொல்லிவிடும். தாளத்தை எண்ணிக் காட்டும் திரை கிடையாது. ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் அரங்கின் ஒலி. சிறிய விளக்கின் கீழே இசைத்தட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், முரசு அடர்ந்து ஒலிக்கும் பகுதி ஒரு சாயலிலும், முரசு அடங்கி இசை மட்டும் மிதக்கும் பகுதி வேறு சாயலிலும் வளையம் வளையமாகத் தெரியும். அந்த வளையத்தைப் பார்த்தே, இன்னும் எவ்வளவு நேரத்தில் அடுத்த தட்டை இறக்க வேண்டும் என்று கணிப்போம். பெட்டியில் எடுத்துச் செல்லக்கூடிய தட்டுகள் அளவானவை. ஆகவே புறப்படும் முன்பே அந்த இரவை மனத்தில் ஒருமுறை நடத்திப் பார்த்துவிட வேண்டியிருந்தது.

வெளிநாட்டு டிஜே வரும் நாள்களில் எனக்கு அவருக்கு முந்திய தொடக்க நேரமே கிடைக்கும். அவர் வாசிக்கக்கூடிய பிரபலமான பாடல்களைத் தொடக்கூடாது. நிமிடத்துக்கு 116, 118 தாளம் என்ற அளவில் தொடங்கி, அவர் கைக்கு ஒப்படைக்கும்போது 124-ஐத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். ஒலியையும் முழுதாகத் திறக்கக்கூடாது. கோயில் நாகசுரக்காரர் ஆலாபனையை அவசரப்படுத்தாமல் விரிப்பதைப் போன்ற வேலை அது. இதை விடுதி மேலாளர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. ஓர் இடத்தில், பத்தரை மணிக்கே ஆடுதளம் காலியாக இருக்கிறதென்று மேலாளர் கடுமையாகக் கோபித்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆடுதளத்தை அல்ல, பானக்கூடத்தை. அங்கே நின்றவர்கள் பேச்சை நிறுத்தாமலே விரலால் கண்ணாடிக் குவளையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த பாடலின் பாஸ் இறங்கியதும் இரண்டு பெண்கள் கைப்பையை மேசையிலேயே வைத்துவிட்டு நடுவே வந்தார்கள். பதினொன்றரைக்குள் இடம் நிறைந்துவிட்டது. அந்த மேலாளர் பிறகும் திருப்தியடையவில்லை என்பது வேறு விஷயம்.

நியூயார்க்கில் டேவிட் மன்குசோ 1970-இல் தம் வீட்டிலேயே தொடங்கிய ‘லாஃப்ட்’ விருந்துகளையும், 1977 முதல் 1987 வரை லேரி லெவன் வாசித்த ‘பாரடைஸ் கராஜ்’ விடுதியையும் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. இரண்டு இடங்களிலும் மது விற்கப்படவில்லை. வந்தவர்களை விடியும்வரை பிடித்துவைக்க இசையைத் தவிர வேறு எதுவும் இல்லை. மன்குசோ பிற்காலத்தில் பாடல்களைக் கலப்பதையே விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து முடிவுவரை முழுமையாக ஒலிக்கவிட்டார். பானக்கூடத்தின் வரவைக் கொண்டே டிஜேயை எடைபோடும் நம் ஊர் வழக்கத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லாமல் போனதை நான் உண்மையான இழப்பாகவே கருதுகிறேன்.

விதிவிலக்கும் உண்டு. 1991-இல் ஜியாக் கிம் தெருவில், ஆற்றோரத்துப் பழைய கிடங்குகளில் திறக்கப்பட்ட ‘ஸூக்’ இரவு விடுதி, ஹவுஸ் இசையைக் கேட்டுப் பழக ஒரு தலைமுறைக்கே வாய்ப்பளித்தது. 2016 இறுதியில் அது கிளார்க் கீக்கு இடம்பெயர்ந்தபோது, வேறு விடுதிகளில் வேலை பார்த்த நாங்களும் கலங்கினோம்.

மறுமொழி (உறுப்பினர் ஒருவர்)

ஐயா, ஸூக்கின் புதன்கிழமை ‘மாம்போ ஜாம்போ’ இரவுகளுக்குத் தவறாமல் போனவள் நான். எண்பதுகளின் ஆங்கிலப் பாடல் வரிகளுக்கேற்ப மேடைமேல் நிற்பவர்கள் கைகளை அசைக்க, அரங்கம் முழுவதும் அப்படியே அசைக்கும். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் அந்த அசைவுகள் மனப்பாடம். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான், கூட்டம் சேரும்வரை என்ன ஒலித்தது என்று யோசித்துப் பார்த்தேன். எதுவுமே நினைவுக்கு வரவில்லை. இன்னொரு கேள்வி: என் மகன் இப்போது மடிக்கணினியில் டிஜே பழகுகிறான். தாளத்தை அதுவே பொருத்திக்கொடுத்துவிடுகிறதே, அவனுக்குக் கற்க என்ன இருக்கிறது?

மறுமொழி

தங்கைக்கு நன்றி. நினைவுக்கு வரவில்லை என்றால் அங்கே தொடக்க நேரத்தில் வாசித்தவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்றே பொருள்.

கணினி தாளத்தைப் பொருத்துவதில் எனக்கு வருத்தமில்லை. நாங்கள் அதற்குச் செலவிட்ட கவனத்தை உங்கள் மகன் கூட்டத்தைப் பார்க்கச் செலவிடலாம். திரையைப் பார்த்துக்கொண்டே நிற்பதுதான் இன்றைய இளைஞர்களிடம் நான் காணும் குறை. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட விடுதிகள் 2022 ஏப்ரலில் மீண்டும் திறந்தபோது, இடைப்பட்ட காலத்தில் வீட்டிலிருந்தே இணையத்தில் வாசித்துப் பழகியவர்கள் பலர் முதன்முறையாக மனிதர்கள் முன் நின்றார்கள். முதல் பாடலிலேயே உச்சத்துக்குப் போய்விட்டு, அதன்பின் ஏற இடமில்லாமல் திணறியதை நேரில் கண்டேன்.

மகனிடம் ஒரு பயிற்சியைச் சொல்லுங்கள். உறவினர் யார் வீட்டிலாவது விருந்து நடக்கும்போது, யாரையும் ஆட வைக்க முயலாமல், பேச்சை மறைக்காத ஒலியில் ஒரு மணி நேரம் வாசிக்கட்டும். எந்தப் பாடலுக்கு யாருடைய கால் அசைந்தது என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பை இங்கே பகிர்ந்தால், அடுத்து எந்தப் பாடலைப் போட்டிருக்கலாம் என்று என்னால் ஆன வரையில் சொல்கிறேன்.