மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா?

எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல மேஜரா இருந்து ரிட்டயர் ஆனவர், போன மாசம் காலைல வாக்கிங் கிளம்புறப்ப ஷூ லேஸ் கட்டிட்டே அப்படியே சாஞ்சுட்டாரு, ஹார்ட் அட்டாக், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. லீவுல வந்தா எங்க ஸ்கூல் ஷூவுக்கெல்லாம் அவரே செர்ரி பிளாசம் போட்டு மூஞ்சி தெரியுற மாதிரி தேய்ப்பாரு, எனக்கு சடை கூட பின்னி விடுவாரு (கோணலாத்தான் வரும்). அவர் போட்ட லெட்டர்லாம் அம்மா பத்திரமா வச்சிருக்காங்க, ஆனா எல்லாத்துலயும் வெறும் 56 ஏபிஓ (ஆர்மி போஸ்ட் ஆபீஸ் நம்பர்) தான், ஊர் பேரே இருக்காது, எந்த பார்டர்ல இருந்தாருன்னே எங்களுக்கு தெரியல, கேட்டா சிரிச்சுட்டே பேச்ச மாத்திடுவாரு. பேரப்பசங்களுக்காக ஒரு ஆல்பம் போடுறோம். 1990கள்ல வெலிங்டன் சென்டர்லயோ (நீலகிரில இருக்குற ரெஜிமென்ட்டோட ட்ரெய்னிங் சென்டர்) ஃபீல்டுலயோ இருந்தவங்க, இல்ல அவங்க வீட்டு ஆளுங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், பேரு பட்டாலியன்லாம் இன்பாக்ஸ்ல தரேன். மங்கலான குரூப் போட்டோவா இருந்தாலும் பரவால்ல. அப்புறம் ஆபீசரோட சர்வீஸ் ரெக்கார்ட குடும்பத்துல இருந்து எங்க எழுதி கேக்கணும்?