இதயத் தசை வீக்கம்: ஊசியால் ஆபத்தா, தொற்றால் ஆபத்தா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகனுக்கு 19 வயது, செப்டம்பரில் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறான். அங்கே கொரோனா ஊசி என்றால் பெரும்பாலும் ஃபைசர் மாதிரி எம்ஆர்என்ஏ வகை. இங்கே நாம் போட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் வேறு வகை. அந்த ஊசி போட்டால் இதயம் வீங்கிவிடும் என்று யாரோ அனுப்பிய ஆடியோவைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

தேடிப் படித்தேன். முழுப் பொய் இல்லை. மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை வீக்கம், அரிதாக வருகிறது. இளவயது ஆண்களுக்கு, இரண்டாவது டோஸ் போட்ட ஒரு வாரத்துக்குள்தான் அதிகம். பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடுகிறது. தொற்றாலும் இதே வீக்கம் வரும். எல்லா வயதையும் சேர்த்தால் தொற்றில்தான் ஆபத்து கூடுதல். ஆனால் இங்கிலாந்தில் 2022-ல் வெளியான ஆய்வில், 40 வயதுக்குக் கீழுள்ள ஆண்களில் 10 லட்சம் பேரில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 97 பேருக்கு மாடர்னா (இதுவும் எம்ஆர்என்ஏ ஊசிதான்) இரண்டாவது டோஸுக்குப் பின் வந்திருக்கிறது, தொற்றுக்குப் பின் 16 பேருக்கு. ஆக, எந்த ஊசி, என்ன வயது என்பதை வைத்துக் கணக்கே மாறுகிறது.

பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். சளி பிடித்தால் ராத்திரி முழுக்கத் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேதான் தூங்குவான். அதனால் தொற்றையும் லேசாக விட முடியவில்லை.

பிள்ளைகளை வெளிநாடு அனுப்பியவர்கள் சொல்லுங்கள்: எந்த ஊசி போட்டீர்கள்? டோஸ்களுக்கு நடுவே 8 வாரம் விட்டால் ஆபத்து குறையும் என்கிறார்கள், அப்படி விட்டீர்களா? அப்புறம், நெல்லை, நாகர்கோவில் பக்கம் நிதானமாக உட்கார்ந்து பேசும் இதய மருத்துவர் யாராவது உண்டா? ஃபார்வர்டு மட்டும் போடாதீர்கள், அக்காவும் இந்தக் குழுவில் இருக்கிறாள்.