புதுப்பிப்பு: தொலைக்காட்சிப் பதிவில் படம் கட்டம் கட்டமாக உடைவது தீர்ந்தது

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் கூரை அன்டெனா வழியே வரும் அனலொக் ஒளிபரப்பைக் கணினியில் பதியும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பிட்ரேட்டை (ஒரு நொடிக் காட்சிக்குச் செலவாகும் தரவின் அளவை) இரட்டிப்பாக்கும் யோசனையால் கோப்புதான் பெருத்தது. பலன் தந்தது, எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையில் நிலையான பிட்ரேட்டைக் கைவிட்டு, தரத்தை ஒரே நிலையில் வைக்கும் சி.ஆர்.எப். அமைப்பை 20 என வைத்து, சுருக்குவதற்கு முன்னரே புள்ளியிரைச்சலை வடிகட்டச் சொன்ன யோசனை. மலை மறைப்பினால் திரையில் விழும் புள்ளிமழையை, ஒவ்வொரு பிரேமிலும் புதிய விபரமாகவே எண்ணி, என்கோடர் (சுருக்கும் மென்பொருள்) பிட்டுகளை அதற்கே செலவழித்திருக்கிறது.

எதிர்பாராதவை இரண்டு. செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகளில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் எஞ்சின. இந்த ஒளிபரப்பில் படத்தின் 576 வரிகளும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக அடுத்தடுத்து வருவதால், அவற்றை முதலில் பிரித்து, நொடிக்கு 50 பிரேம்களாக்கி, அதன் பிறகே வடிகட்ட வேண்டியிருந்தது. மற்றது, காற்று அன்டெனாவைத் திருப்பிவிட்டுப் புள்ளிமழை கூடிய இரவில், அதே செட்டிங்கில் அரைமணி நேரப் பதிவின் கோப்பு ஏறக்குறைய இருமடங்கானது; ஏனெனில் சி.ஆர்.எப். தரத்தைத்தான் பிடித்துவைக்கும், அளவை அல்ல.