டச்சில் கிளையும் டக், கூரையும் டக்கா?

அல்சூர் பாட்டி:
68 வயசுல வந்த சந்தேகம், சிரிக்காதீங்க. மகள் குடும்பம் நெதர்லாந்துல ஐந்தோவன்ல இருக்கு. நேத்து பேரனோட வீடியோ கால். இங்க பெங்களூர்ல மே மாச மழைக்குத் தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்துல தொடை தண்டிக் கிளை ஒண்ணு முறிஞ்சு எங்க மாடிக் கூரை ஷீட்டு மேல கிடக்கு. போனைத் திருப்பிக் காட்டினேன். "டக்! டக்!"னு குதிக்கிறான். விழுந்த சத்தத்தைச் சொல்றான்னு நானும் "ஆமாடா, டமால்னு விழுந்துச்சு"ன்னேன். மகள் குறுக்க வந்து, "அம்மா, அது டச்சு, கிளைன்னு அர்த்தம்"னா. அவன் உடனே ஷீட்டைக் காட்டி அதுவும் டக்குங்கறான்! அதுக்குள்ள லைன் போச்சு. நோட்டுல ரெண்டையும் 'டக்'னே எழுதியிருக்கேன். எது சரி?

மாரத்தஹள்ளி மொழிபெயர்ப்பாளன்:
ரெண்டும் சரிதாம்மா. கிளைக்கு 'டீ'யில வர்ற ட, கூரைக்கு 'டப்பா'வுல வர்ற ட. நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒண்ணுதான். கன்னடத்துல தனித்தனி எழுத்து. பக்கத்து வீட்ல எழுதி வாங்கிக்குங்க. இன்னொரு வழி, இங்கிலீஷ் 'the' மாதிரி வர்ற சொல்: கிளைக்கு முன்னால 'டெ' வரும், கூரைக்கு முன்னால 'ஹெட்'. ஏன்னு கேக்காதீங்க, மனப்பாடம்தான். பன்மையில காதுக்கே தெரியும்: கிளைகள் 'டக்கெ', கூரைகள் 'டாக்கெ'.

நெல்லைக்காரன்:
தொடை தண்டின்னா அது கிளையே இல்ல பாட்டி, கொப்பு! தமிழறிஞர் பாவாணர் வரிசையில, பெருசுல இருந்து சிறுசா: கவை, கொம்பு அல்லது கொப்பு, அப்புறந்தான் கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு. பக்கத்து வீட்டுக் கன்னடத்துலயும் 'கொம்பெ'தான். டச்சுக்காரன் எல்லாத்துக்கும் டக்குன்னு முடிச்சுட்டான்.

மொழிபெயர்ப்பாளன்:
அப்படி இல்லீங்க, சுள்ளிக்கு 'ட்வெய்க்' உண்டு. ஆனா பாங்க் கிளைக்கு டக் வராது. 'ஃபிலியால்' இல்லன்னா 'கந்தோர்'. ஆமா, யாழ்ப்பாணத்துல ஆபீஸுக்குச் சொல்ற அதே கந்தோர், டச்சுக்காரன் விட்டுட்டுப் போனது.

அல்சூர் பாட்டி:
பக்கத்து வீட்டம்மா கன்னடத்துல எழுதிக் கொடுத்தாங்க. காலையில இருந்து டீ, டப்பா, டீ, டப்பான்னு சொல்லிப் பாக்கறேன், வீட்டுக்காரர் காபி போதும்ங்கறார். சாயங்காலம் பேரன்கிட்ட ஒப்பிக்கணும். அதுக்குள்ள மரம் வெட்ற ஆள் வந்துட்டா காட்ட டக் இருக்காது. அந்த இன்னொரு டக்கும் பாதிதான் மிச்சம்.