மறுமொழி: 'ரெசிஸ்ட்' அச்சுக்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

துணியில் சில இடங்களில் சாயம் ஏறாமல் தடுத்து உருவம் வரவைக்கும் 'ரெசிஸ்ட்' அச்சு முறைக்கு என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு, முந்தைய மடல்களில் வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன்: எதிர்ப்பு அச்சு, தடுப்புப் பசை, சாயத்தடை. முதலாவது அகராதியில் கிடைத்த பொருளை அப்படியே வைத்தது. தொழிலைப் பார்த்தவருக்கு அது ஒட்டாது.

'தடுப்புப் பசை' குஜராத்தின் கச்சுப் பகுதியில் அச்சுக்கட்டையால் செய்யும் அஜ்ரக் துணிக்கு நன்றாகவே பொருந்தும். அஜ்ரக்பூரிலும் தமட்காவிலும் கத்ரி குடும்பத்தினர் சுண்ணாம்பையும் பிசினையும் குழைத்து அச்சுக்கட்டையால் துணியில் ஒற்றுகிறார்கள். அந்தக் கோடுகளில் சாயம் ஏறாது, கடைசியில் வெள்ளையாகத் தெரியும். ஜெய்ப்பூரை அடுத்த பக்ரூவில் சீப்பா சமூகத்தினர் ஒற்றுவது சேறு: களிமண், சுண்ணாம்பு, பிசின், புழு அரித்த கோதுமையின் மாவு. ஈரம் காயுமுன் மேலே மரத்தூள் தூவி, வெயிலில் உலர்த்தி, அவுரி நீலச்சாயத் தொட்டியில் முக்குவார்கள். இதுவரை எல்லாம் பசைதான். ஆனால் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக உருவான கோடாலிக் கருப்பூர்ச் சேலையில் சாயம் ஏறாமல் காத்தது மெழுகு. மதுரையின் முடிச்சுச் சுங்குடியிலோ பூசுவதற்கு எதுவுமே இல்லை. நூலால் இறுக்கிக் கட்டிய புள்ளிதான் வெள்ளையாக நிற்கிறது. நான்கும் ஒரே வேலை, அதனால் நான்குக்கும் ஒரே சொல் வேண்டும். 'பசை' அங்கே நின்றுவிடுகிறது.

'சாயத்தடை' இந்த வகையில் மேல். எனக்கு உள்ள தயக்கம் ஒன்றுதான். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டதைச் செய்தியில் படித்த எவரும் இந்தச் சொல்லை அரசாணை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை: சாயவிலக்கி.

சாயத்தைத் துணியில் பிடித்து நிறுத்தும் பொருளுக்கு (ஆங்கிலத்தில் 'மார்டன்ட்') பள்ளி வேதியியலில் 'நிறமூன்றி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அஜ்ரக்கில் கடுக்காய் நீரில் தோய்த்த துணியின் மேல் அதுவும் அச்சுக்கட்டையால்தான் ஒற்றப்படுகிறது. படிகாரம் ஒற்றிய இடம் மஞ்சிட்டிக் கொதிநீரில் சிவக்கும்; வெல்லத்தோடு புளிக்கவைத்த துருப்பிடித்த இரும்பு நீரை ஒற்றிய இடம் கறுக்கும். ஒரே துணியில் ஒரு கட்டை சாயத்தைப் பிடித்து நிறுத்துகிறது, இன்னொரு கட்டை அதை அண்டவிடாமல் வைக்கிறது. ஊன்றி, விலக்கி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்தக் கைவினைஞரின் திட்டம் முழுதும் வாசகருக்குப் புரிந்துவிடும். இந்த இணைக்காகவே இச்சொல்லை வற்புறுத்துகிறேன்.

'விலக்கு என்றால் ஏறிய சாயத்தை எடுத்துவிடுவது போலாகாதா' என்று கேட்கலாம். வரிவிலக்கு என்கிறோம், வசூலித்த வரியைத் திருப்பித் தருவது அல்ல அது, முதலிலேயே வாங்காமல் விடுவது. ஏறிய சாயத்தை வெளுத்து எடுக்கும் 'டிஸ்சார்ஜ்' முறைக்கு 'நீக்கு அச்சு' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

கிளைச்சொற்களும் தடங்கலில்லாமல் வருகின்றன: முறைக்கு விலக்கு அச்சு, வகைகளுக்குச் சேற்று விலக்கு, மெழுகு விலக்கு, முடிச்சு விலக்கு. பக்ரூவின் 'தாபு', மேலே சொன்ன அந்த ஊர்ச் சேற்று முறையின் பெயர் என்பதால் அப்படியே இருக்கட்டும். 'பிளாக்' என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், அச்சுக்கட்டை புழக்கத்தில் இருக்கிறது.

சுங்குடி செய்யும் சின்னாளப்பட்டியிலோ கலம்காரி (துணி ஓவியம்) செய்யும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலோ தொழிலில் உள்ள பெரியவர்களோடு பழக்கமுள்ளவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பட்டறையில் இதற்கு ஒரு வழக்குச்சொல் இருக்குமானால் சாயவிலக்கியை எடுத்துவிட்டு அதையே பட்டியலில் சேர்த்துவிடலாம்.